வீட்டில் டே கேர்: எந்த வயதுக்குக் கதவு திறப்பது?

‘கைக்குழந்தை முதல் பத்து வயது வரை பார்த்துக்கொள்ளப்படும்.’ சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு விளம்பரம் அடிக்கடி வந்து விழுகிறது. எழுதியவரின் தவிப்பு புரிகிறது. யாரையும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது, முதல் மாதமே நாலு பேராவது சேர வேண்டும். பெற்றோர் அதைப் படிக்கும் விதமே வேறு. எட்டு மாதக் குழந்தையின் அம்மாவுக்கு, அதே கூடத்தில் பந்தடிக்கும் நான்காம் வகுப்புப் பையனை நினைத்தால் பயம். அந்தப் பையனின் அம்மாவுக்கோ, பாப்பா தூங்குகிறது என்று அவனை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற கவலை. இரண்டு பேரும் அடுத்த தெருவில் விசாரிக்கப் போய்விடுகிறார்கள்.

டே கேர் தொடங்க நினைப்பவர்கள் பெயர், பொம்மை, சுவர் ஓவியம், கட்டணம் எல்லாவற்றையும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். வயதை மட்டும் ‘வருவது வரட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். எத்தனை பேரை எடுக்கலாம், ஆயா வேண்டுமா, ஒரு குழந்தை உங்களிடம் எவ்வளவு காலம் இருக்கும், மதியம் நீங்கள் சாப்பிட உட்கார முடியுமா என்பதெல்லாம் வயதிலிருந்துதான் பிறக்கின்றன. அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நெருக்கடி மணியை எழுதிப் பாருங்கள்

‘எனக்கு எந்த வயதுக் குழந்தைகளைப் பிடிக்கும்?’ என்று கேட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். நாள் முழுக்க நன்றாகப் போகும் வீட்டிலும் ஒரு மணி நேரம் மட்டும் கழுத்தை நெரிக்கும். பெரும்பாலான வீட்டு டே கேர்களில் அது பகல் 12 முதல் 1 வரை. அந்த ஒரு மணி நேரத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம். ஒன்றே கால் வயதுக்காரன் காலையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டதால் உற்சாகமாக ஜன்னல் கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறான். இரண்டரை வயதுப் பெண்ணுக்குத் தட்டில் சோறு, பாதி தரையில். 12.20க்கு எல்கேஜி படிக்கும் இருவரின் வேன் கீழே ஹாரன் அடிக்கிறது. நீங்கள் இருப்பது இரண்டாவது மாடி. யார் இறங்கிப் போவது? ஐந்தே குழந்தைகள்தான், ஆனால் வயது நான்கு விதம். இதே ஐந்து பேரும் இரண்டு வயதை ஒட்டியவர்களாக இருந்தால் ஒரே சாப்பாடு, ஒரே கைகழுவல், ஒரே பாய் விரிப்பு; 1.15க்கு வீடு அடங்கிவிடும்.

இந்த மணியை நீங்கள் தனியாக இருப்பதாக வைத்தே எழுத வேண்டும். ஆயா என்றைக்கு வர மாட்டார் என்று எந்தக் காலண்டரும் சொல்வதில்லை. தனியாக இருக்கும்போதும் எந்தக் குழந்தையும் கண்ணிலிருந்து மறையாமல் அந்த ஒரு மணி நேரம் ஓடுமானால் அந்த வயதுக் கலவை உங்களுக்குச் சரி. ஓடாது என்றால் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன்னால் வயது இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

அரசு என்ன அளவு சொல்கிறது? மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பணியிடக் குழந்தைக் காப்பகங்களுக்காக 2018இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், மூன்றுக்கு மேல் 20 பேருக்கு ஒருவர், கூடவே உதவியாளர். தலைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம். அது மேற்பார்வையாளரும் உதவியாளரும் இருக்கும் காப்பகத்துக்கான கணக்கு. வீட்டுக் கூடத்தில் ஒற்றை ஆளாக நிற்பவர் இந்தப் பத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் ஒரு வயது நிரம்பாத மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். இங்கிலாந்தில் வீட்டிலேயே குழந்தை பார்க்கும் ஒருவர், எட்டு வயதுக்குக் கீழ் அதிகபட்சம் ஆறு பேரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறில் பள்ளி வயதுக்கு முந்தைய சிறு குழந்தைகள் மூன்று பேருக்கு மேல் கூடாது. அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாதவர் ஒருவர்தான். அவரது சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவார்கள். நம் வீட்டு அமைப்புக்கு மிக நெருக்கமான அளவுகோல் இந்த இங்கிலாந்து விதிதான் என்பது என் கருத்து. கட்டாயமில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு ‘நான் ஒருத்தியே எட்டு கைக்குழந்தைகளைப் பார்ப்பேன்’ என்று சொல்வது கடினம்.

உங்கள் தெருவின் மகப்பேறு விடுப்பு எவ்வளவு?

எந்த வயதுக் குழந்தைகள் உங்கள் வாசலுக்கு வருவார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதுதான். தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முழுவதையும் எடுத்துவிட்டவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம். ஆகவே தனியார் நிறுவனங்கள் நிறைந்த சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் டே கேர் வைத்தால் ஆறு மாதக் குழந்தைக்குத் தயாராக இருந்தாலும் நான்கு மாதக் குழந்தையோடு ஒருவர் வந்து நிற்பார். கழுத்து அப்போதுதான் நின்றிருக்கும், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாத வயது.

அரசு ஊழியர்கள் நிறைந்த பகுதியில் கதை வேறு. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021இல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தப்பட்டது. அரசுக் குடியிருப்பை ஒட்டிய வீட்டுக்கு வரும் குழந்தைகளில் பலர் ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்களாக இருப்பார்கள். வளர்ந்த குழந்தை, சுலபம் என்று தோன்றும். உண்மையில் ஆறு மாதக் குழந்தை எந்த மடியிலும் அடங்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு அம்மா யார், அந்நியர் யார் என்பது திட்டமாகத் தெரியும். ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பிரிவு அழுகை உச்சத்தில் இருக்கும். இந்த வயதில் சேர்ப்பதானால் முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் புதுக் குழந்தை எடுக்காதீர்கள். முதல் சில நாள் அம்மாவோ பாட்டியோ கூட இருக்கட்டும், பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று நீட்டுங்கள். ‘விடுப்பு திங்களோடு முடியுது, திங்களே கொண்டு வந்து விட்டுடறேன்’ என்பவரிடம் இதைப் பத்து நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பதும் அதே 2017 திருத்தத்தில் வந்தது. பெரிய அலுவலகம் பக்கத்தில் இருந்தால் அங்கே காப்பகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் கைக்குழந்தைகள் அங்கே போய்விடலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குத்தான் இடம் தேவைப்படும்.

கைக்குழந்தைகள்: மனம் இருந்தால் போதாது

ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை எடுப்பவருக்கு முதல் தகுதி முதுகு. எட்டு ஒன்பது கிலோவைத் தரையிலிருந்து நாளெல்லாம் தூக்கி இறக்க வேண்டும். இரண்டாவது தகுதி, எழுதி வைக்கும் பழக்கம். எத்தனை மணிக்கு எவ்வளவு பால், எப்போது டயப்பர் மாற்றியது, எவ்வளவு நேரம் தூங்கியது என்று மாலையில் அம்மா கேட்பார். மூன்று குழந்தை இருந்தால் நினைவை நம்ப முடியாது.

தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்பும் அம்மாக்கள் இப்போது அதிகம். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கான கணக்கு. சென்னையில் மே மாதத்துக்கு ஆகாது. வந்ததும் பெயரும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவுத் தட்டில் அல்ல, உள்பக்கம். வெந்நீரில் பாட்டிலை வைத்துச் சூடாக்கினால் போதும், மைக்ரோவேவ் வேண்டாம். குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்டதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

தூக்கம் இன்னொரு பொறுப்பு. ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், சமதளமான கெட்டியான படுக்கையில், தலையணையோ பஞ்சு பொம்மையோ இல்லாமல். ‘எங்க பாப்பா தூளியில போட்டாத்தான் தூங்கும்க்கா’ என்று கேட்கும் பெற்றோர் நிறைய. தூளி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். கழுத்தில் சேலை சுற்றிய விபத்துகள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் நீங்கள் ஒரே நேரத்தில் மூன்று தூளியைக் கவனிக்க முடியாது.

தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வது என்பதும் வயதைப் பொறுத்தது. ஒரு வயதுக்குள் என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி கையில் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தும் முறை. கைக்குழந்தையிடம் அதைச் செய்யக் கூடாது. எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது, ஒரு முதலுதவிப் பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்து பாருங்கள். அதைச் செய்யாதவர் கைக்குழந்தை எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வயது உங்களுக்குப் பிடித்தால், நல்ல தொழில்தான். நம்பிக்கை கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பம் மூன்று வருடம் உங்களை விட்டு நகராது.

நடக்கத் தொடங்கியவர்கள்

ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுதான் இருப்பதிலேயே கடினம். கால் வந்துவிட்டது, புத்தி வரவில்லை. குளியலறைப் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், தலைகீழாக விழுந்தால் எழத் தெரியாத வயது. சம்ப் மூடி, கேஸ் திருகு, பால்கனிக் கம்பியின் இடைவெளி, படி, ரிமோட்டிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி, பாட்டியின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் இவர்கள் உங்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பார்கள். வீடு மாடியில் இருந்து, படிக்கட்டுக்குக் கதவு போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் இந்த வயதை விட்டுவிடுங்கள். இதில் சமரசம் கிடையாது.

ஒன்றரையிலிருந்து மூன்று: புதியவருக்கு என் முதல் பரிந்துரை

பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதை ஒட்டிக் காலைத் தூக்கத்தை விட்டு மதியம் ஒரே தூக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். சின்ன விஷயம் போலத் தெரிகிறது. டே கேர் நடத்துபவருக்கோ நாளே மாறிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் தூங்கி, ஒரே நேரத்தில் எழுந்தால் உங்களுக்கு மதியம் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பாத்திரம் கழுவலாம், பெற்றோருக்குத் தகவல் அனுப்பலாம், சாப்பிடலாம். இந்த இடைவெளி இல்லாத டே கேரை ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் நடத்துவது அபூர்வம்.

இந்த வயதுக்கு வீட்டுச் சாப்பாடே போதும். பருப்பு சாதம், இட்லி, தயிர் சாதம். வேர்க்கடலை, முழு திராட்சை, பொட்டுக்கடலை, கடினமான மிட்டாய் இவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பேசத் தொடங்கியிருப்பார்கள், எங்கே வலிக்கிறது என்று காட்டத் தெரியும். பாட்டுக்குக் கை தட்டுவார்கள். வேலைக்குச் சன்மானமாக ஒரு சிரிப்பும் கிடைக்கிற வயது.

தொல்லைகளும் உண்டு. முதலாவது கடி. சொல் போதாத வயதில் கோபம் பல்லில்தான் வரும். கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கடித்தது யார் என்று மட்டும் சொல்லாதீர்கள்; சொன்னால் மறுநாள் வாசலில் இரு அம்மாக்களுக்கு நடுவே நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவது, கழிப்பறைப் பழக்கம். ‘நீங்களே பழக்கிடுங்க’ என்று விட்டுவிடுவார்கள். வீட்டில் டயப்பர், இங்கே ஜட்டி என்றால் குழந்தைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பெற்றோர் வார இறுதியில் தொடங்கட்டும், நீங்கள் திங்கள்கிழமை தொடருங்கள். மூன்றாவது, ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும். கை, கால், வாய்ப் புண் நோய் ஐந்து வயதுக்குக் கீழேதான் அதிகம். 2022இல் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்ற பெயரில் பரபரப்பானபோது பல பெற்றோர் முதல் முறையாக அதைக் கேள்விப்பட்டார்கள். காய்ச்சல், கொப்புளம், வயிற்றுப்போக்கு இருந்தால் அனுப்பக் கூடாது என்ற விதியைச் சேர்க்கும் நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாத்திரை கொடுத்துச் சூட்டை இறக்கி அனுப்பி வைப்பவர்கள் உண்டு. பதினோரு மணிக்குத் தெரிந்துவிடும்.

எல்கேஜி, யுகேஜி: வேன் வரும் நேரம்

தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று மூன்று வயது நிரம்பியிருந்தால் எல்கேஜியில் சேர்க்கலாம். பல பள்ளிகளில் மழலையர் வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும். ஆகவே இந்த வயதினர் உங்களிடம் பாதி நாள் விருந்தாளிகள். கட்டணம் பாதியாகக் குறையும், உங்கள் வேலை பாதியாகக் குறையாது. நான்கு குழந்தைகள் மூன்று பள்ளிகளில் படித்தால் மூன்று வேன், மூன்று முறை கீழே இறங்க வேண்டும். தரைத்தளத்தில், வாசலிலேயே வேன் நிற்கும் வீடு என்றால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் ஒரே பள்ளி, ஒரே வேன் பிள்ளைகளை மட்டும் எடுங்கள். பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது, வேன் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

ஏ, பி, சி எழுதக் கற்றுக்கொடுக்க மாட்டீர்களா என்று கேட்பார்கள். விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது வேறு. ப்ளே ஸ்கூல் என்று பெயர்ப் பலகை வைப்பது வேறு. ப்ளே ஸ்கூல்களுக்குத் தமிழக அரசு 2015இல் தனி விதிமுறைகள் கொண்டுவந்துவிட்டது, அங்கீகாரம் வாங்க வேண்டும். காலையில் இலவச முன்பருவக் கல்வி அங்கன்வாடியிலும் கிடைக்கிறது. மூன்று வயதுக்கு மேல் உங்களிடம் பெற்றோர் தேடுவது மாலை வரை பத்திரமான ஒரு வீட்டைத்தான். அதையே விற்பனைப் பொருளாக வையுங்கள்.

பள்ளி விட்டு வருபவர்கள்

மூன்றரை மணியிலிருந்து ஏழு மணி வரை. சிற்றுண்டி, வீட்டுப்பாடம், கொஞ்சம் விளையாட்டு. காலை நேரம் உங்களுக்கே மிஞ்சும். தையல், சமையல் ஆர்டர் என்று வேறு வருமானம் இருப்பவருக்கு இது வெகு பொருத்தம். டியூஷன் எடுக்கத் தெரிந்தால் கட்டணமும் ஏறும்.

பள்ளமும் இருக்கிறது. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையில் இவர்கள் முழு நாள் குழந்தைகள். அதுகூடத் திட்டமிட முடிந்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காலை ஆறரை மணிக்கு ஆட்சியர் அறிவிப்பு வரும். எட்டரைக்கு எல்லாப் பிள்ளைகளும் நனைந்த குடையோடு வாசலில் நிற்பார்கள், அம்மா அப்பாவுக்கு ஆபீஸ் உண்டு. எத்தனை பேரை எடுக்கலாம் என்ற கணக்கை இந்த மழை விடுமுறை நாளை வைத்தே போடுங்கள். கூடவே விடுமுறை நாளுக்கான தனிக் கட்டணத்தையும் அறிவித்துவிடுங்கள்.

பணத்தை மணிக் கணக்கில் பாருங்கள்

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதியில் நாலு இடம் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று கைக்குழந்தைகள், தலைக்கு 9,000 ரூபாய் என்றால் மாதம் 27,000. ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள் ஆறு பேர், தலைக்கு 6,500 என்றால் 39,000. ஆயாவுக்கு 11,000 போனால் 28,000. எட்டு பள்ளிப் பிள்ளைகள், தலைக்கு 2,500 என்றால் 20,000. சிற்றுண்டிக்கு 2,500 போனால் 17,500.

மொத்தத்தில் முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, மூன்றாவது குறைவு. மாதத்துக்கு 22 வேலை நாள், முழு நாள் என்றால் பத்து மணி நேரம், மாலை மட்டும் என்றால் சிற்றுண்டி செய்வதையும் சேர்த்து நான்கு மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள். கைக்குழந்தைகளில் மணிக்குச் சுமார் 123 ரூபாய், ஒன்றரை–மூன்று வயதினரில் 127, பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 200. குறைவாகத் தெரிந்ததுதான் மணிக்கணக்கில் அதிகம். முழு வருமானம் தேவைப்படும் வீட்டுக்கு 17,500 போதாமல் இருக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் ‘சின்னக் குழந்தைதான் லாபம்’ என்று யாராவது சொன்னால் மணிக்கணக்கைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வயது நிற்காது. இந்த ஜூனில் ஒரே மாதிரி ஆறு மாதக் குழந்தைகள் மூவரைச் சேர்த்தால், அடுத்த ஜூனில் உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்கேஜிக்கும் மூவரும் ஒரே ஜூனில் கிளம்புவார்கள், அந்த மாதமே வருமானம் சரியும். ஆகவே வயது வரம்பு குறுகலாக இருந்தாலும் அதற்குள்ளே ஆறேழு மாத இடைவெளி விட்டுச் சேருங்கள். ஒருவர் போகும்போது இன்னொருவர் வளர்ந்திருப்பார். ஜனவரியில் சேர வரும் இரண்டரை வயதுக் குழந்தையை ஏற்கும்முன், ஜூனில் பள்ளிக்குப் போகப் போகிறதா என்று கேட்டுவிடுங்கள். ஐந்து மாதத்துக்காக ஓர் இடத்தைக் கொடுப்பது தவறில்லை, தெரிந்து கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யார் யார்?

சொந்தக் குழந்தை இரண்டு வயதென்றால், அதே வயதில் இன்னொன்றை எடுத்தால் விளையாட்டுத் துணை கிடைக்கும் என்று நினைப்போம். சில குழந்தைகளுக்கு அப்படித்தான். பல குழந்தைகளுக்கு அம்மா மடியில் இன்னொருவர் உட்காருவதைப் பார்ப்பதே பெரிய அநியாயம். சொந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும்வரை, அதைவிட ஒரு வயதாவது வித்தியாசப்பட்டவர்களை எடுப்பது நல்லது. அதையும் எண்ணிக்கையில் சேருங்கள், இலவசமாக வளரும் குழந்தை கிடையாது. அதற்கும் இரண்டு கை வேண்டும்.

மாமனார், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கும் வீட்டில் டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உங்கள் வேலை அல்லது ஆயாவின் வேலை மட்டும்தான் என்று வீட்டுக்குள் முதலில் பேசி முடியுங்கள். யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல. பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. நீங்களே சொன்னால் நம்பிக்கை வரும். ஆயாவைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்பைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையிடம் யாராவது தவறாக நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012 போக்சோ சட்டப்படி உங்கள் கடமை, மூடி மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, ஃப்ரிட்ஜ் கதவில் ஆம்புலன்ஸ் எண் 108க்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கலக்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றரை–மூன்று வயதினரோடு பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பொருந்துவார்கள். சின்னவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில்தான் பெரியவர்கள் வருவார்கள், நெருக்கடி மணி மோதாது. சிறு துண்டுகள் கொண்ட விளையாட்டுச் சாமான்களை மட்டும் மேசைக்கு மேலே வையுங்கள். கைக்குழந்தையையும் நடக்கத் தொடங்கியவரையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்ப்பதுதான் மோசமான கலவை. ஒருவருக்குப் பால் கொடுக்கும்போது இன்னொருவர் எங்கே என்று தெரியாது.

‘சின்னவனையும் வெச்சுக்கோங்கக்கா’

தீர்மானித்த வயது வரம்பு பெரும்பாலும் உடைவது புதியவரால் அல்ல, பழைய வாடிக்கையாளரால். இரண்டு வருடம் தன் பிள்ளையை விட்ட அம்மா, இரண்டாவது குழந்தையை நான்கு மாதத்தில் தூக்கிக்கொண்டு வருவார். ‘உங்களை விட்டா யாரை நம்புவேன்க்கா?’ மறுப்பது கஷ்டம். மறுக்கத் தேவையும் இல்லாமல் செய்யலாம், இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த அன்றே ‘நம்மகிட்ட ஒன்றரை வயசுலதான்மா சேர்க்கை, அதுவரைக்கும் இந்தத் தெருவிலேயே கைக்குழந்தை பார்க்கிறவங்களை நான் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டால். அதற்காகவே, வேறு வயதை எடுக்கும் டே கேர்காரர் ஒருவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்கு அனுப்பலாம், அவர் உங்களுக்கு அனுப்பலாம்.

விதிவிலக்கு கொடுத்தே தீர வேண்டுமென்றால் அந்தக் குழந்தையைச் சேர்த்து நெருக்கடி மணியை மறுபடி எழுதிப் பாருங்கள். ஓடவில்லை என்றால், அந்த இடத்துக்காக இன்னொரு இடத்தைக் காலியாக விட வேண்டும். அந்த இழப்பைக் கட்டணத்தில் கேட்பதில் தவறில்லை.

சேர்க்கைத் தாளில் நான்கு வரி போதும்: சேரும் குறைந்தபட்ச வயது, விலகும் அதிகபட்ச வயது, விலகுவதற்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, வயது கூடும்போது கட்டணம் எப்படி மாறும். ஒவ்வொரு ஏப்ரலிலும் பதிவேட்டை எடுத்து, ஜூனில் யார் பள்ளிக்குப் போகிறார்கள், யார் நடக்கத் தொடங்கியிருப்பார்கள், மாலை நேரத்துக்கு யார் மாறுவார்கள் என்று குறியுங்கள். காலியாகும் இடங்களுக்கு எந்த வயது வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். மே மாதத்தில் விசாரித்து வரும் பெற்றோரிடம் ‘இடம் இருக்கு’ என்பதற்குப் பதில் ‘ஒன்றே முக்கால் வயசுல ஒரு குழந்தைக்கு இடம் இருக்கு’ என்று சொல்ல முடியும்.